அரத்தை எடுப்பதற்கு முன்: நகல் கௌபாய் ரிவால்வரைப் பழக்குவது எப்படி

என் ரிவால்வரின் முன்சைட்டில் (பேரல் நுனியில் குறிபார்க்க நிற்கும் இரும்புத் துண்டு) உற்றுப் பார்த்தால் ஒரு மெல்லிய ஒட்டுக்கோடு தெரியும். ஒன்றேகால் மில்லிமீட்டர் உயரத்துக்கு அராவித் தள்ளிவிட்டு, பிறகு காசு கொடுத்து அதே உயரத்தை மறுபடி ஒட்டவைத்த அடையாளம் அது. அராவியது நான்தான். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் தொழில் கற்று, இப்போது அரிசோனாவில் உதிரிபாகங்களை அளந்து தரம் பார்ப்பதையே வேலையாகச் செய்கிறவன் இப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அளக்காமல் வெட்டாதே என்பது பட்டறையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்.

ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வந்த படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் துப்பாக்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இடுப்பில் தொங்குமே, அதேதான். கோல்ட் கம்பெனி 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கொண்டுவந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. ஒவ்வொரு முறையும் ஹாமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். ட்ரிகருக்கு ஹாமரை விடுவிப்பது ஒன்றுதான் வேலை. சிங்கிள் ஆக்‌ஷன் என்ற பெயர் அதனால்தான். கோல்ட்டின் அசல் இன்று வாங்கினால் நகலைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. அதனால் நாங்கள் சுட்டுப் பழகும் ரேஞ்சில் பத்துப் பேர் இடுப்பைப் பார்த்தால் பெரும்பாலும் இத்தாலிச் சரக்குதான். ஊபெர்ட்டி, பியெட்டா இரண்டு பெயர்களும் பிரெஷா மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஊபெர்ட்டி 1959இல் தொடங்கிய கம்பெனி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் வரவிருந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளுக்கு நகல் கேட்டு அமெரிக்காவிலிருந்து ஆட்கள் போய் நின்றார்கள். மலையடிவாரம், இரும்பு வேலை, தெருவுக்குத் தெரு பட்டறை என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது.

என்னுடைய நகல் .45 கோல்ட் தோட்டாவுக்கானது, ஐந்தரை அங்குல பேரல். யார் செய்தது என்று சொல்லப் போவதில்லை. அதில் ஒரு குறை இருந்தது, நான் பார்த்தது ஒரே ஒரு துப்பாக்கியில். அதை வைத்து ஒரு கம்பெனியையே குறை சொல்வது சரியில்லை.

முதல் நாள் பெட்டியைப் பிரித்து, 200 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) குண்டு போட்ட தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஃபீனிக்ஸுக்கு வடக்கே உள்ள பென் ஏவரி ரேஞ்சுக்குப் போனேன். 15 கஜத்தில் சுட்டால் எல்லாம் குறிக்கு நான்கு அங்குலம் கீழே, கொஞ்சம் இடப்பக்கம். இருபது குண்டு சுட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், அரத்தை எடுத்தேன். கணக்கு சரிதான், கணக்குக்குக் கொடுத்த எண்தான் தப்பு. நீங்கள் அந்த எண்ணைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு அறை, ஐந்து தோட்டா

சுடுவதைப் பற்றிப் பேசும் முன் இதை முடித்துவிடுவோம். பழைய அமைப்பில் ஹாமர் கீழே படுத்திருக்கும்போது அதன் மூக்கு நேரே தோட்டாவின் முதுகில் உட்கார்ந்திருக்கும். ஹாமரைச் சற்றே தூக்கி நிறுத்தும் ஒரு பாதுகாப்புப் பல் உண்டு. ஆனால் துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தால் அந்த மெல்லிய பல்லோ ட்ரிகரின் நுனியோ உடைந்து வெடித்துவிடலாம். இப்போது வரும் சில நகல்களில் மூக்கு உள்ளே ஒதுங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இருந்தாலும் பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும்.

பேரல் எப்போதும் இலக்கின் பக்கம். ஹாமரைப் பாதி தூரம் இழுத்து நிறுத்தினால், அதாவது அரைக் காக்கில் வைத்தால், தோட்டா போடும் ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர் தாராளமாகச் சுழலும். பக்கவாட்டுக் கதவைத் திற. ஒரு தோட்டா போடு, அடுத்த அறையை விடு, பிறகு வரிசையாக நான்கு போடு. கதவை மூடி, ஹாமரை முழுதாக இழுத்து, கட்டைவிரலை எடுக்காமல் மெல்ல இறக்கு. காலி அறை ஹாமருக்கு நேரே வந்து நிற்கும். நம்பாமல் பக்கவாட்டிலிருந்து பார்: சிலிண்டருக்கும் பின்சுவருக்கும் நடுவில் தோட்டாக்களின் விளிம்பு தெரியும், ஹாமருக்குக் கீழே மட்டும் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். ஹாமரை இறக்கும் பழக்கத்தை வெறும் துப்பாக்கியில் நூறு முறை செய்துவிட்டுத்தான் தோட்டாவைத் தொட வேண்டும்.

இன்னொன்று. அரைக் காக்கிலிருந்து ஹாமரை நேராகக் கீழே இறக்காதீர்கள். எப்போதும் முழுதாக இழுத்துத்தான் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டரைப் பூட்டும் கொக்கி தவறான இடத்தில் எழும்பி உரசும். வாங்கி ஒரு வாரத்தில் சிலிண்டரைச் சுற்றி வெள்ளிக் கோடு விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் செய்யும் வேலை இது. படத்தில் வருவதுபோல் இடது உள்ளங்கையால் ஹாமரைத் தட்டித் தட்டிச் சுடுவது வேண்டவே வேண்டாம். குறியும் போகும், உள்ளே இருக்கும் பற்களும் போகும். சுடும்போது இடது கை விரல் எதுவும் சிலிண்டரின் முன்பக்கம் நீளக் கூடாது. அங்கே இருக்கும் இடைவெளியில் சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் பீறிட்டு வரும்.

கண்ணாடியும் காதடைப்பும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈயக் குண்டு என்பதால் சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

பிடி

நவீன பிஸ்டல் சுட்டுப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான். கையை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ ஏற்றி, இறுக்கிப் பிடித்தேன். ட்ரிகர் காப்பு வளையத்தின் பின்பக்கம் ஒவ்வொரு வெடிக்கும் நடுவிரல் முட்டியில் இடித்தது. ஐந்தாவது குண்டில் தோல் உரிந்துவிட்டது.

இந்தக் கைப்பிடியின் வடிவம் 1851ஆம் ஆண்டின் நேவி ரிவால்வரிலிருந்து அப்படியே வந்தது, கலப்பையின் மேழிபோல் வளைந்திருக்கும். பின்னுதையை நேராக வாங்குவதற்குப் பதில் உள்ளங்கைக்குள் உருண்டு எழும்புவதுதான் அதன் வேலை. அதை எதிர்த்து மல்லுக்கட்டக் கூடாது. நடுவிரலுக்கும் காப்பு வளையத்துக்கும் நடுவே ஒரு நூலிடை விட்டு, கையைக் கொஞ்சம் கீழே பிடியுங்கள். கை பெரியதாக இருந்தால் சுண்டுவிரல் கைப்பிடிக்குக் கீழே மடங்கிக் கிடக்கட்டும், ஒன்றும் குடிமுழுகாது. குழந்தையின் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கும்போது எவ்வளவு இறுக்குவோமோ அவ்வளவு போதும். வெடித்ததும் பேரல் மேலே எழும்பும், ஹாமரின் வால் தானாகவே கட்டைவிரலைத் தேடி வரும். இரண்டு கையால் சுடும்போது இடது கட்டைவிரலால் ஹாமரை இழுத்தால் வலது கையின் பிடி கலையாது. முக்கியமான விஷயம் இதுதான். குண்டுக்குக் குண்டு பிடி மாறினால் விழும் இடமும் மாறும். குற்றம் சைட்டுடையது இல்லை.

இந்த ஹாமர் பெரியது, நெடுந்தூரம் பயணம் செய்யும். ட்ரிகர் விட்ட பிறகு அது விழுந்து தோட்டாவை அடிக்கும் வரை இருக்கும் அந்தக் கண நேரத்தில் நாம் கை அசைத்துவிடுகிறோம். குண்டு பேரலைத் தாண்டும் வரை முன்சைட்டைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். வீட்டில் போலித் தோட்டா போட்டு, சுவரைப் பார்த்து ட்ரிகர் இழுத்து, ஹாமர் விழுந்த நொடியில் முன்சைட் எங்கே இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம். அசல் தோட்டா அந்த ரூமிலேயே இருக்கக் கூடாது, பக்கத்து ரூமில் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

என் குற்றத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது பக்கத்து மேஜையில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட், எழுபதைத் தாண்டியவர். என் துப்பாக்கியை வாங்கி, நான் பார்க்காதபடி மூன்று நல்ல தோட்டாவும் இரண்டு போலியும் கலந்து போட்டுக் கொடுத்தார். இரண்டாவது இழுப்பில் ஹாமர் “டக்” என்று விழுந்தது, வெடிக்கவில்லை. ஆனால் பேரல் மூக்கு கிணற்றில் வாளி இறங்குவதுபோல் கீழே, இடப்பக்கமாக இறங்கியது. வெடியை எதிர்பார்த்து என் கை முன்கூட்டியே அமுக்கியிருக்கிறது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நான் ஏற்கெனவே சைட்டை அராவிவிட்டேன் என்று சொன்னபோது மட்டும் தலையில் கைவைத்தார்.

தோட்டா

பழக்கம் சரியானபின் பார்க்க வேண்டியது குண்டின் எடை. இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும்: கைத்துப்பாக்கி தூரத்தில் கனமான, மெதுவான குண்டு மேலே விழும், இலேசான வேகமான குண்டு கீழே விழும். காரணம் எளிது. குண்டு பேரலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி எழும்பத் தொடங்கிவிடுகிறது. மெதுவான குண்டு உள்ளே அதிக நேரம் இருக்கும், உதையும் அதிகம், அதனால் வாய் அதிகம் உயர்ந்த பிறகுதான் வெளியேறும்.

அந்தக் காலத்து .45 கோல்ட் தோட்டாவில் 40 கிரெயின் கருமருந்தும் 255 கிரெயின் குண்டும் இருந்தன. நகல்களின் சைட்டும் பெரும்பாலும் அந்த எடையை ஒட்டியே வருகிறது. நான் போட்டது 200. கீழே விழாமல் என்ன செய்யும்? கையும் கீழே அமுக்கியது, குண்டும் இலேசு, இரண்டும் சேர்ந்து நான்கு அங்குலம். பெரியவர் கொடுத்த 250 கிரெயின் கௌபாய் லோடை, மேலே சொன்ன பிடியில் சுட்டபோது எல்லாம் குறிக்கு நான்கு அங்குலம் மேலே போய் விழுந்தன. அராவாமல் விட்டிருந்தால் நேராக நெற்றிப் பொட்டில் விழுந்திருக்கும்.

அதனால் ஒரு தோட்டாவை முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். .45 கோல்ட்டில் சில பெட்டிகளின்மேல் வலுவான நவீனத் துப்பாக்கிகளுக்கு மட்டும் என்று அச்சிட்டிருக்கும். நம் நகலின் சிலிண்டர் சுவர் மெல்லியது, அந்தப் பெட்டி நமக்கானதில்லை. தோட்டா விலை பயமுறுத்தினால் .357 மேக்னம் நகலை வாங்கி அதில் .38 ஸ்பெஷல் சுடுவது உத்தமம். வெளி அளவு ஒன்றுதான், ஓட்டைகள் மட்டும் சிறியவை என்பதால் துப்பாக்கி கனமாக இருக்கும், உதையே தெரியாது. இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் நான் அதைத்தான் வாங்குவேன்.

அறைக்கு அறை வேறு

இது எனக்குப் பிடித்த பகுதி. ஐந்து குண்டில் நான்கு ஒன்றாக விழுந்து, ஒன்று மட்டும் தனியே ஓடிப்போகிறதா? நம் கைதான் என்று நினைத்துவிடுவோம். நானும் ஒரு மாதம் அப்படித்தான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ரிவால்வர் என்றால் ஒரு பேரலுக்கு ஆறு வாசல். கையில் இருக்கும் ஐந்து விரலே ஒன்றாக இல்லை, ஆறு அறை மட்டும் எப்படி இருக்கும்? சிலிண்டரின் பின்பக்கம் மார்க்கரால் 1 முதல் 6 வரை எழுதுங்கள். தாளில் ஆறு வட்டம் போட்டு அவற்றுக்கும் எண் கொடுங்கள். துப்பாக்கியை மேஜைமேல் மணல் பையில் தாங்கி (பேரலைத் தாங்கக் கூடாது, மணிக்கட்டையும் ட்ரிகர் காப்புக்கு முன்னுள்ள சட்டத்தையும்தான்) ஒவ்வோர் அறையின் குண்டையும் அதனதன் வட்டத்தில் சுடுங்கள். ஒரு சுற்றுக்கு ஐந்துதான் நிரப்புவோம் இல்லையா, ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு அறையைக் காலியாக விடுங்கள். ஆறு சுற்று, முப்பது தோட்டா, ஒவ்வொரு வட்டத்திலும் சரியாக ஐந்து ஓட்டை.

என்னுடையதில் 4ஆம் எண் வட்டம் மட்டும் சல்லடைபோல் பரந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து சிலிண்டரைக் கழற்றி, ஒவ்வோர் அறையின் முன்வாயிலும் ஒரு ஈயக் குண்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். நல்ல வாய் என்றால் கொஞ்சம் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போகும். தானாக விழுந்தால் பெரிது, போகவே மறுத்தால் சிறிது. ஐந்து வாயில் வழுக்கிப் போனது, நான்காவதில் சிக்கி நின்றது. மறுநாள் வேலையிடத்தில் பின் கேஜ் (துல்லியமான அளவில் செய்த உருளைக் கம்பி) போட்டு அளந்தேன். ஐந்து வாய்கள் 0.452 அங்குலத்தைச் சற்றே தாண்டி இருந்தன. நான்காவது 0.4505. பேரலின் உள் வரி அளவு 0.4515. அதாவது நான்காவது அறை குண்டைப் பிழிந்து சிறியதாக்கி அனுப்புகிறது, பேரல் அதைப் பிடிக்க முடியாமல் லொடலொடவென்று விட்டுவிடுகிறது. ஈயமும் பேரலுக்குள் கோடு கோடாக ஒட்டியிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுத்து அந்த வாயை மட்டும் ரீமர் (ஓட்டையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) போட்டு மற்றவற்றோடு சமமாக்கினேன். அரை மணி நேர வேலை. அதன்பின் 25 கஜத்தில் தாங்கிச் சுட்டால் ஐந்து குண்டும் மூன்று அங்குலத்துக்குள் அடங்குகின்றன. இந்த ரகத்துக்கு அது நல்ல குறி. ஒரு அங்குலத்தில் அடங்குகிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இதோடு சில்லறை வேலைகளையும் பார்த்துவிடலாம். சிலிண்டரைத் தாங்கும் அச்சு ஊசி உதையில் முன்னால் நகர்கிறதா, வெற்றுக் கூடுகளைத் தள்ளும் குழாயின் திருகு தளர்கிறதா என்று ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் பாருங்கள். அந்தத் திருகைப் பாலைவன மணலில் தேடிய அனுபவம் எனக்கு உண்டு, கிடைக்கவில்லை. சாதாரண ஆப்பு முனை ஸ்க்ரூடிரைவர் திருகின் தலையைக் கடித்துவிடும், துப்பாக்கிக்கென்று வரும் இணை முனை உள்ளதை வாங்குங்கள். உள்ளே இருக்கும் தட்டை ஸ்பிரிங் ஒன்று என்றைக்காவது உடையும். கம்பி ஸ்பிரிங் ஒன்று முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது நல்லது.

இப்போது அரம்

கை பழகிவிட்டது, தோட்டா முடிவாகிவிட்டது, அறைகள் சமம். இன்னும் கீழே விழுகிறதா? சரி, அரத்தை எடுக்கலாம். முன்சைட்டைக் குறைத்தால் குண்டு மேலே போகும், எந்தப் பக்கம் பிழையோ அதே பக்கம் முன்சைட் போக வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். மேலே விழும் துப்பாக்கிக்கு அரம் உதவாது, உயரம் கூட்டத்தான் வேண்டும்.

கணக்கு: விலகலை இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் அங்குலத்தில். என் துப்பாக்கியில் சைட்டுகளின் இடைவெளி ஆறரை அங்குலம். 25 கஜம் என்பது 900 அங்குலம். மூன்று அங்குலம் கீழே விழுந்தால் அராவ வேண்டியது 0.022 அங்குலம், அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அவ்வளவுதான். கணக்கு சொல்வதில் பாதியை மட்டும் வீட்டில் எடுங்கள். மீதியை ரேஞ்சிலேயே, இரண்டு இழுப்பு அராவி ஐந்து குண்டு சுட்டு, மறுபடி இரண்டு இழுப்பு என்று போக வேண்டும். துப்பாக்கி காலி, கதவு திறந்து, பேரல் இலக்கின் பக்கம். எல்லோரும் சுடுவதை நிறுத்தச் சொல்லி ரேஞ்ச் அதிகாரி குரல் கொடுத்தால் அரத்தையும் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர வேண்டும். கடைசியில் பிசிரை எடுத்து, வெளுத்த இடத்தில் குளிர் நீலம் (இரும்பைக் கறுக்கவைக்கும் மருந்து) தடவிவிடுங்கள். அரிசோனா வெயிலில் முன்சைட் மினுங்கினால் கண் ஏமாறும், அதற்குக் கறுப்பு மார்க்கர் போதும். ஒருநாள் மார்க்கரை மறந்துவிட்டுப் போனபோது மனைவியின் கைப்பையிலிருந்து கண்மை கிடைத்தது. மார்க்கரைவிட அதுவே நன்றாக இருந்தது.

பக்கவாட்டில் பிழை என்றால் பேரலையே ஒரு மயிரிழை திருக வேண்டும். இடப்பக்கம் விழுந்தால் இறுக்குவது, வலப்பக்கம் விழுந்தால் தளர்த்துவது. சட்டத்தின் ஓட்டைக்குள் சுத்தியல் காம்பை விட்டுத் திருகுகிறவர்கள் உண்டு, சட்டம் முறுக்கிக்கொண்டு போய்விடும். அதற்கான பிடியும் சாவியும் வைத்திருக்கிற கொல்லரிடம் கொடுங்கள்.

என் முன்சைட்டின்மேல் வெள்ளிப் பற்று வைத்து ஒரு துண்டு இரும்பை ஒட்டிக் கொடுத்தவரும் அதே கொல்லர்தான். ஒட்டியதை இரண்டிரண்டு இழுப்பாக அராவி முடிக்க எனக்கு மூன்று சனிக்கிழமை ஆனது. இப்போது உயரம் சரியாக இருக்கிறது. 15 கஜத்தில் நின்று சுட்டால் ஐந்தும் உள்ளங்கைக்குள் விழும், ஆனால் முக்கால் அங்குலம் வலப்பக்கம் தள்ளி. அதற்காகப் பேரலைத் திருகக் கொடுக்கப் போவதில்லை, முக்கால் அங்குலம் இடப்பக்கம் பார்த்துச் சுட்டுக்கொள்கிறேன்.